வால் பக்கம் இரட்டை

புஷ்பவல்லி முப்பது வருடம் பாம்புச் சட்டையைக் கையால் தொடவில்லை. அதே முப்பது வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பாம்புச் சட்டைகளுக்குச் சீட்டு எழுதினாள்.

கல்யாணமாகி கோவில்பட்டியிலிருந்து நெய்வேலிக்கு வந்த முதல் வாரத்திலேயே விஷயம் தெரிந்துவிட்டது. நகரியத்தின் குடியிருப்புப் பகுதிகளில் ஒன்றான வட்டம் 21-இல் கம்பெனி குவார்ட்டர்ஸ். சர்க்கரை இருக்கும் என்று நினைத்து ஒரு பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே சுருள் சுருளாகப் பாம்புச் சட்டை. டின் ஒரு மூலையில், மூடி ஒரு மூலையில், புஷ்பவல்லி தெருவில்.

அவள் கணவர் மாடசாமி அனல்மின் நிலையத்தில் எலக்ட்ரீஷியன். கேபிள் ஓடும் குழிகளுக்குள் இறங்கி வேலை செய்பவர். குளிர்ச்சிக்கு அங்கே பாம்பு வரும், சட்டை உரித்துப் போட்டுவிட்டுப் போகும். அது எந்தப் பாம்பு என்று தெரியாமல் கூட வரும் ஆட்கள் குழிக்குள் கால் வைக்க மாட்டார்கள். அதனால் சட்டையைப் பார்த்துப் பாம்பைச் சொல்லக் கற்றுக்கொண்டார். வேலைக்காகக் கற்றது, பிறகு பைத்தியமாகிவிட்டது. பக்கத்து வட்டங்களிலிருந்தெல்லாம் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்து கொடுப்பார்கள்.

புஷ்பவல்லி அன்றைக்கே சட்டம் போட்டாள். பாம்புச் சட்டை சமையலறை வாசப்படியைத் தாண்டக் கூடாது. அவள் கை அதன்மேல் படாது. இந்த இரண்டையும் மீறினால் அடுத்த பஸ்ஸில் கோவில்பட்டி.

மீறவில்லை. ஆனால் மாடசாமியின் கையெழுத்து மறுநாள் அவருக்கே புரியாது. அவர் கொல்லைப் படியில் உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்ல, புஷ்பவல்லி சமையலறைக்குள் நின்றபடி தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுவாள். தேதி. வட்டம். கிடைத்த இடம். தொட்டால் வழவழப்பா, சொரசொரப்பா. முதுகு நடுவரிசை பெரிதா, சிறிதா. கடைசியில் வால் பக்கம்: அடியில் செதில் ஒற்றை வரிசையா, இரட்டை வரிசையா.

வால் எங்கே ஆரம்பிக்கிறது என்று எழுதும்போதுதான் முதல் சண்டை வந்தது. “கழிவுத்துளைக்குக் கீழே” என்று சொன்னார் மாடசாமி.

“இந்த வார்த்தையெல்லாம் நான் எழுத மாட்டேன்.”

“ஏ, அறிவியல் இது.”

“அறிவியல் உங்களோட இருக்கட்டும். நான் க.து.ன்னு போடுதேன். இஷ்டம் இருந்தா படிங்க.”

இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டிலும் க.து. என்றுதான் இருக்கிறது. மகன் ஹரி எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அந்தச் சீட்டுகளில்தான். அவன் முதலில் முழுசாகப் படித்த வார்த்தை ‘வழவழப்பு’.

இப்போது பெட்டியில் இருநூற்று முப்பத்தொன்று சீட்டுகள் இருக்கின்றன. அதற்கு மேல் இல்லை. போன மாசியில் புஷ்பவல்லி இறந்துவிட்டாள். நான்கு நாள் காய்ச்சல்.

இது 213-ஆம் சீட்டின் கதை. அவள் வாழ்க்கையில் அவளே அதிகம் சிரித்துச் சொன்ன கதையும் இதுதான்.

இரண்டு வருடத்துக்கு முன்பு, வைகாசி மாதம், ஒரு வியாழக்கிழமை. மாடசாமிக்கு முந்தாநாள்தான் இடது கண்ணில் ஆபரேஷன் ஆகியிருந்தது. கறுப்புக் கண்ணாடி, நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை சொட்டு மருந்து. வலது கண்ணுக்கு அடுத்த மாதம். அதில் பார்த்தால் எல்லாம் கஞ்சித் தண்ணீருக்குள் கிடப்பதுபோலத் தெரியும். டாக்டர் குனியக் கூடாது, தூசி ஆகாது என்றிருந்தார். மாடசாமி நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறி சத்தத்தை வைத்து அதில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டில் அன்றைக்கு விசேஷம். அங்கே செவ்வந்தி இருந்தாள். கணவர் சுரங்க வேலையில் இருக்கும்போதே இறந்துவிட, அந்த வேலைக்குப் பதிலாகக் கம்பெனி அலுவலகம் ஒன்றில் உதவியாளர் வேலை கிடைத்தவள். ஒரே மகள் மலர்கொடியைக் கம்மாபுரம் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தாள். முதல் நாள் மாமியார் வீட்டில் வளைகாப்பு முடிந்து, இன்று மலர்கொடி பிரசவத்துக்குத் தாய்வீடு வருகிறாள். செவ்வந்தி பதினைந்து நாளாக அவளுக்காகப் பின் அறையை வெள்ளையடித்து, கட்டிலுக்குக் கால் மாற்றி, ஜன்னலுக்குப் பச்சைத் திரை தைத்து வைத்திருந்தாள். புஷ்பவல்லியைக் கூப்பிட்டு மூன்று முறை காட்டிவிட்டாள்.

பத்தரை மணிக்கு வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது. கால் மணி நேரம் கழித்து ஒரு கத்தல் கேட்டது. பிறகு தொப், தொப் என்று நான்கு அடி. பிறகு செவ்வந்தியே ஓடி வந்தாள்.

“அண்ணே! மலரு ரூம்புல சட்ட உரிச்சிப் போட்டிருக்குதுண்ணே! அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவுல. சம்மந்தியம்மா பொண்ண இட்டுகினு போறேன்னு நிக்கிறாங்க. வந்து என்னா பாம்புன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போண்ணே.”

மாடசாமி எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

“உக்காருங்க” என்றாள் புஷ்பவல்லி. “குனியக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

“குனியல. நிமிந்தே போறேன்.”

“போனா நான் பேச மாட்டேன், சொல்லிட்டேன்.”

“பேச வேண்டாம். கையப் பிடி. படி தெரியல.”

கோபத்தோடு கையைப் பிடித்துக்கொண்டுதான் போனாள்.

செவ்வந்தி வீட்டு முன்னறையில் மலர்கொடி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். ஏழு மாத வயிறு. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கண்ணாடி வளையல். அவள் மாமியார் செங்கமலம் நடுக்கூடத்தில், துடைப்பத்தை இன்னும் கீழே வைக்காமல்.

“நாலு போடு போட்டேங்க” என்றாள் செங்கமலம்.

“யார?” என்றார் மாடசாமி.

“அதத்தான். சட்டைய.”

“பாம்பு போனப்புறம் சட்டைய அடிச்சா அதுக்கு வலிக்குமாம்மா?”

“அடிக்கிற கைக்கு அதெல்லாம் தெரியுமாங்க? அடிச்சிட்டுது.”

செவ்வந்தி ஏற்கெனவே அதைப் படம் எடுத்துக் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தாள். ஐந்து நிமிடத்தில் பதினோரு பதில். ஒருவர் சுருட்டை என்றார். ஒருவர் கட்டுவிரியன். சேலத்துக்காரர் ஒருவர் மலைப்பாம்பு என்று அடித்துச் சொன்னார். ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் தெரிவித்தார். குழு நிர்வாகி சக்கரபாணி, ‘சொந்த விஷயங்களைக் குழுவில் பதிவிட வேண்டாம்’ என்று முடித்துவைத்தார். படத்தைப் பெரிதாக்கினால் ஒன்றும் தெரியவில்லை. வெளிச்சம் பட்டு வெறும் வெள்ளை.

கொல்லையில் பலாமரத்தடியில் நாற்காலி போட்டு மாடசாமியை உட்கார வைத்தார்கள். செவ்வந்தி முறத்தில் வைத்து அதைக் கொண்டு வந்தாள். மாடசாமி விரலால் தடவினார்.

“வழவழன்னு இருக்கு. அப்ப கண்ணாடி விரியன் இல்ல, அது சொரசொரக்கும். விரல் தண்டிதான். நல்லதும் சாரையும் இவ்வளவு மெலிசா வராது.” பிறகு, “புஷ்பா, பட்டை பட்டையா ஏதாச்சும் தெரியுதா?”

புஷ்பவல்லி மூன்று அடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தாள். “நிழலாட்டம் லேசா கட்டு கட்டாத் தெரியுது.”

மாடசாமி தடவுவதை நிறுத்தினார். “அப்ப ரெண்டுல ஒண்ணு. ஒண்ணு வெள்ளிக்கோல் வரையன். வீட்டுச் சுவர்ல ஏறிப் பல்லி பிடிச்சுத் தின்னும், விஷம் கிடையாது. இன்னொண்ணு கட்டுவிரியன்.”

“எங்க ஊர்ல ரெண்டுத்துக்கும் ஒரே பேருதாங்க” என்றாள் செங்கமலம். “பேரு என்னா வேணா இருக்கட்டும். எங்க நாத்தனாரு பத்தொம்பது வயசுல பாம்பு தீண்டிப் போய்ட்டா. களத்துல பாய் போட்டுப் படுத்தவ. கொசு கடிச்ச தடம்கூட இல்லிங்க. விடியக்காலம் கண்ணத் தொறக்க முடியலன்னா, அவ்ளோதான். நான்தான் மடியில வச்சிருந்தேன்.” துடைப்பத்தை அப்போதுதான் கீழே வைத்தாள். “செவ்வந்தி மேல எனக்குக் கோவம் இல்ல. இந்த வூட்டுல எம் மருமவள வுட்டுட்டு நான் அங்க தூங்க முடியாது.”

செவ்வந்தி பச்சைத் திரையின் மிச்சத் துணியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள்.

“பாத்தாத் தெரிஞ்சிடும்” என்றார் மாடசாமி. “கட்டுவிரியனுக்கு முதுகு நடுவரிசைச் செதில் பெரிசா இருக்கும்.” மறுபடி தடவினார். “முதுகு பூரா நாரா கிடக்கே?”

“நாலு போடு” என்று ஞாபகப்படுத்தினாள் செங்கமலம்.

“சரி, முதுகு போச்சு. வால் இருக்கு. அடியில ஒத்தை வரிசைன்னா கட்டுவிரியன். இரட்டைன்னா பயமில்ல. புஷ்பா, எடுத்துப் பாரு.”

“யாரு?”

“இங்க எத்தனை புஷ்பா இருக்கா?”

புஷ்பவல்லி உள்ளே போய் இடுக்கியோடு வந்தாள்.

“இடுக்கி பட்டா பிஞ்சிடும். கையால எடு.”

“முப்பது வருஷத்துக்கு முந்தியே சொல்லியிருக்கேன்ல?”

“சொன்ன. என் கண்ணு இருந்தா கேப்பனா? இப்ப உன் கண்ணுதான் இருக்கு.”

அவள் செவ்வந்தியைப் பார்த்தாள். மலர்கொடியைப் பார்த்தாள். கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டினாள். முறம் பட்டது. அதற்கு மேல் ஏதோ பட்டமாதிரியும் இருந்தது, படாதமாதிரியும் இருந்தது. கண்ணைத் திறந்தபோது அது அவள் விரலில் இருந்தது. வெங்காயச் சருகைவிட லேசு. காற்று வந்தால் அவள் கையை விட்டுப் பறந்துவிடும்போல. ஒவ்வொரு செதிலும் அளந்து வெட்டிப் பதித்தமாதிரி. குளிர்ச்சி இல்லை, பிசுபிசுப்பு இல்லை, நாற்றம் இல்லை. இதற்காகவா முப்பது வருடம்?

“ஏங்க,” என்றாள், “இது அழகா இருக்கே.”

“அத வீட்டுல பேசலாம். வால் பக்கம்?”

மெலிந்த முனையைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்த்தாள். அகலப் பட்டைகள், ஏணிப்படிபோல ஒன்றன்கீழ் ஒன்று. இருமுறை பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “ஒத்தை வரிசைதாங்க.”

செங்கமலம் கூடத்துக்குப் போய் மலர்கொடியின் பையை எடுத்தாள். செவ்வந்தி ஓடிப்போய்ப் பையின் இன்னொரு காதைப் பிடித்துக்கொண்டாள். இழுக்கவில்லை, விடவும் இல்லை. இரண்டு சம்மந்திகளும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் போனார்கள்.

புஷ்பவல்லி கையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ இடித்தது. தேதி, வட்டம், இடம், வழவழப்பு, முதுகு. பிறகு க.து. அதற்குப் பிறகுதான் வால் பக்கம். இருநூற்றுப் பன்னிரண்டு தடவை அதே வரிசையில் எழுதியிருக்கிறாள். இதில் அது எங்கே?

“ஏங்க. க.து. எப்படி இருக்கும்?”

“எது?”

“அதாங்க. க.து.”

“கழிவுத்துளையா?” என்று மாடசாமி கத்தினார். கூடம் வரைக்கும் கேட்டது.

“மெதுவாச் சொல்லுங்களேன். எப்படி இருக்கும்?”

“வயிறு முடியுற இடத்துல குறுக்க ஒரு கீறல் இருக்கும். அதுக்குக் கீழதான் வால்.”

முனை வரைக்கும் தேடினாள். கீறல் இல்லை. “அப்படி ஒண்ணு இதுல இல்லவே இல்லையே.”

மாடசாமி நாற்காலியில் நிமிர்ந்தார். “அப்ப நீ பாத்தது வாலே இல்ல, வயிறு. வயிறு எல்லாப் பாம்புக்கும் ஒத்தைதான்.”

“பையக் கீழ வைங்க!” என்று புஷ்பவல்லி போட்ட சத்தத்தில் பலாமரத்துக் காக்கை பறந்தது.

பை வாசற்படியில் நின்றது.

இப்போது அவள் முனையைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பயம் எப்போது போனது என்று அவளுக்கே தெரியாது. “இது கிழிஞ்சது இல்லங்க. பிசிறே இல்ல. நேரா இருக்கு. கத்தரி போட்டு வெட்டியிருக்கு.”

“பாம்பு கத்தரிக்கோல் வச்சிருக்காது” என்றார் மாடசாமி.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. கலகலவென்று. மலர்கொடியின் கை நடுங்கி வளையல் குலுங்கியது. அவள் கையைக் கட்டிக்கொண்டாள். வளையல் இன்னும் அதிகமாகக் குலுங்கியது.

“மலரு,” என்றாள் புஷ்பவல்லி, “உன் வளையல் என்னமோ சொல்லுது.”

“ஒண்ணும் இல்ல பெரிம்மா.”

கலகல.

“சொல்லுடி.”

மலர்கொடி மாமியாரை ஒரு பார்வை பார்த்தாள். “முந்தாநேத்து அவரு கால் மாத்துன கட்டில கொண்டாந்து போட வந்தாரு இல்ல. அப்பவே இது கெடந்திருக்குது. அத்தைக்குத் தெரிஞ்சா அனுப்ப மாட்டாங்கன்னு யாருகிட்டயும் சொல்லல. வால மட்டும் வெட்டி எடுத்துகினாரு.”

“எதுக்குடி?” என்றாள் செங்கமலம்.

“கேட் பாஸுல வச்சிகினா வேல பர்மனென்ட் ஆயிடுமாம். அவங்க கான்ட்ராக்ட் செட்டுல ஒருத்தரு வச்சி ஆயிட்டாராம்.”

முதலில் சிரித்தது செங்கமலம். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு கோபம் வந்தது. “வரட்டும். அவன நானே பர்மனென்ட்டா வூட்டுல உக்கார வைக்கிறேன்.”

மலர்கொடியின் கணவன் அருண்ராஜ் சுரங்கத்தில் முதல் ஷிஃப்ட்டில் இருந்தான். போன் எடுக்கவில்லை. ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும், இங்கே வர இரண்டரை ஆகும். செங்கமலம் யோசித்தாள். வேன்காரரைப் போகச் சொல்லவில்லை, ஆனால் டிரைவர் சீட்டைச் சாய்த்துக்கொள்ளலாம் என்றாள்.

“ரெண்டர வரைக்கும் இருக்கறேன். அது வரைக்கும் பொண்ணு வூட்டுக்குள்ள காலு வைக்கக் கூடாது.”

அதனால் எல்லாரும் பலாமரத்தடியில் உட்கார்ந்தார்கள். வளைகாப்புச் சாதம் ஐந்து தூக்குவாளிகளில் வந்திருந்தது. செவ்வந்திக்கு முதலில் சோறு இறங்கவில்லை. புளிசாதத்தில் கடலை எண்ணெய் தூக்கலா, நல்லெண்ணெய் தூக்கலா என்று புஷ்பவல்லிக்கும் செங்கமலத்துக்கும் வாக்குவாதம் வந்த பிறகு அவளும் சாப்பிட்டாள். மாடசாமிக்கு எலுமிச்சைச் சாதத்துக்கும் தயிர்சாதத்துக்கும் வித்தியாசம் கண்ணால் தெரியாததால், இரண்டையும் ஒன்றாகப் பிசைந்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வேன் டிரைவர் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். வெள்ளைத் தட்டின் விளிம்பில் சுரங்கத்து நிலக்கரிப் பொடி கறுப்பாகப் படிந்தபோது செங்கமலம் மட்டும் ஊதிவிட்டாள். மற்றவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

சாப்பாட்டுக்கு நடுவில் புஷ்பவல்லி இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள். அந்தக் கையில் சட்டை இருந்தது.

இரண்டு முப்பத்தைந்துக்கு அருண்ராஜ் வந்தான். கால்சட்டை முழங்கால் வரைக்கும் மண். அம்மாவைப் பார்த்ததும் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

“பாஸ எடு” என்றாள் செங்கமலம்.

“என்னாம்மா செக்யூரிட்டி மாதிரி கேக்கற?”

“எடுடா.”

கழுத்துக் கயிற்றில் தொங்கிய உறையைக் கழற்றிக் கொடுத்தான். முன்னால் அவன் படம். அதன் பின்னால் முருகன் படம். அதற்கும் பின்னால், தீப்பெட்டி நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக, பளபளவென்று ஒரு அட்டை. பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வாலை லேமினேஷன் செய்திருந்தான்.

புஷ்பவல்லி அதை மாடசாமியின் கையில் கொடுத்தாள். அவர் தடவிப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். விளிம்பைச் சோதித்தார். “காத்துக் குமிழிகூட இல்ல” என்றார். “முப்பது வருஷமா கவர்ல போட்டு, நாப்தலின் உருண்டை வச்சு, எறும்பு கிட்ட சண்டை போட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு இது தோணலையே. எவ்வளவுப்பா ஆச்சு?”

“இருவது ரூபா சார்.”

“ஏங்க, வால் பக்கம்” என்றாள் புஷ்பவல்லி.

“ஆமா. நீ பாரு.”

அட்டையை வெயிலுக்கு நேரே பிடித்தாள். மேல் முனையில் குறுக்கே அந்தக் கீறல். க.து. சரியாக அதற்கு மேலேதான் வெட்டியிருக்கிறான். எல்லாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். செவ்வந்தி பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லி அவசரப்படவில்லை. ஒருமுறை ஏமாந்தாயிற்று. விரல் நகத்தைக் கீறலில் வைத்து அங்கிருந்து ஒவ்வொன்றாக இறக்கினாள். ஒரு செதில் இடம், ஒரு செதில் வலம். இடம், வலம். நடுவில் வளைந்து வளைந்து ஒரு கோடு நுனி வரைக்கும் போனது.

“மலரு, உன் பையக் குடு” என்றாள். பையின் ஜிப்பைச் செங்கமலத்திடம் காட்டினாள். அட்டையைப் பக்கத்தில் வைத்தாள். “பாருங்க. இந்தப் பல்லு ஒண்ணு, அந்தப் பல்லு ஒண்ணு, மாத்தி மாத்தி. இரட்டை. நுனி வரைக்கும் இரட்டை. வெள்ளிக்கோல் வரையன்.”

“கட்டுவிரியனா இருந்தா?”

“ஜிப்பே இருக்காது. ஏணிப்படியாட்டம் ஒத்தையா இறங்கும். காலைல வயித்துல பாத்தேன்ல, அப்படி.”

செங்கமலம் அட்டையை வாங்கிப் பார்த்தாள். ஜிப்பைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு மாடசாமியைக் கேட்கவில்லை. புஷ்பவல்லியைத்தான் கேட்டாள்.

“உங்க வூட்டுப் பொண்ணா இருந்தா இந்த ரூம்புல படுக்க வைப்பிங்களா?”

புஷ்பவல்லிக்குப் பெண் இல்லை. எழுந்து உள்ளே போனாள். பின் அறையில் பாயை உதறிப் போட்டாள், கட்டிலில் இல்லை, தரையில், அலமாரிக்கும் ஜன்னலுக்கும் பக்கத்திலேயே. முந்தானையைச் சுருட்டித் தலைக்கு வைத்துப் படுத்தாள். செங்கமலத்துக்கு ஒரு செய்தி சொல்வதற்காகத்தான் படுத்தாள். ஆனால் விடியக்காலம் நாலு மணிக்குச் சொட்டு மருந்துக்கு எழுந்தவள், மூன்று வாளிச் சோறு, பச்சைத் திரை வழியாக வந்த காற்று. ஐந்து நிமிடத்தில் குறட்டை கேட்டது.

“நடிக்கிறாளா?” என்று கேட்டாள் செங்கமலம்.

“இல்லம்மா” என்றார் மாடசாமி. “அது ஒரிஜினல்.”

செங்கமலம் மரத்தடிக்குப் போனாள். பையை எடுத்து உள்ளே கொண்டுவந்து அலமாரியில் வைத்தாள். வேனை அனுப்பிவிட்டாள். செவ்வந்தி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, டீயோடு வெளியே வந்தாள். மாடசாமி மட்டும் விடவில்லை. விஷம் இல்லாவிட்டாலும் ஜன்னலுக்கு வலை அடிக்க வேண்டும், கதவடி இடைவெளியை அடைக்க வேண்டும், மலர்கொடி கட்டிலில்தான் படுக்க வேண்டும், கொசுவலை கட்டாயம் என்று அருண்ராஜை நிற்க வைத்து வேலை வாங்கினார்.

நான்கரைக்குப் புஷ்பவல்லி எழுந்தாள். கன்னத்தில் பாய்க்கோடு. எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, “சும்மா கண்ண மூடியிருந்தேன்” என்றாள்.

அருண்ராஜ் தலையைச் சொறிந்தான். “அந்த அட்டை எனக்குக் கெடைக்குமா சார்?”

“கெடைக்காது. இது சாட்சி. பெட்டிக்குப் போவுது.”

“சார், பர்மனென்ட் சார்.”

“கலர் ஜெராக்ஸ் எடுத்து வச்சுக்க” என்றாள் புஷ்பவல்லி.

“ஜெராக்ஸுக்குப் பலன் இருக்குமா பெரிம்மா?”

“உனக்கு ஆர்டர் வந்தா அதையும் ஜெராக்ஸ் எடுத்துத்தானடா எல்லா இடத்துலயும் குடுக்கப் போற?”

அவனுக்கு அது நியாயமாகப் பட்டது.

சாயங்காலம் மாடசாமி கொல்லைப் படியில் உட்கார்ந்தார். வழக்கத்துக்குச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் சட்டை புஷ்பவல்லியின் மடியில் இருந்தது, லென்ஸும் அவளிடம் இருந்தது. அவளே பார்த்தாள், அவளே எழுதினாள். சீட்டு எண் 213. வட்டம் 21, செவ்வந்தி வீடு, பின் அறை. வழவழப்பு. முதுகு: செங்கமலம் அடித்தது. அடுத்த வரியில் பேனா நின்றது. பிறகு முதல்முறையாக முழுசாக எழுதினாள்: கழிவுத்துளைக்குக் கீழே, இரட்டை.

“பேர் போட்டியா?” என்றார் மாடசாமி.

“வெள்ளிக்கோல் வரையன்னு போட்டுட்டேன்.”

“அது பாம்பு பேரு. பாத்த ஆளு பேரு?”

இருநூற்றுப் பன்னிரண்டு சீட்டிலும் அந்த இடத்தில் ‘மா.’ என்று இருந்தது. அவள் ‘பு.’ என்று எழுதினாள். எழுதிவிட்டு, மை காய்வதற்காகச் சீட்டை ஊதினாள். தேவைக்கு அதிகமாகவே ஊதினாள்.

மலர்கொடிக்கு ஆடியில் பெண் குழந்தை பிறந்தது. அந்த அறையில்தான் தூளி கட்டினார்கள். செங்கமலம் பதினாறு நாள் தங்கினாள். ஒரு மாலை ஜன்னல் வலைக்கு வெளியே, சுவரில், விரல் தண்டிப் பாம்பு ஒன்று பல்லியை வாயில் கவ்விக்கொண்டு தொங்கியது. செவ்வந்தி அலறினாள். செங்கமலம் பேத்தியை மடியில் போட்டபடியே எட்டிப் பார்த்தாள்.

“கத்தாத சம்மந்தி. அது நம்ப ஆளு.”

ஐப்பசி மாதம், மழை விட்ட ஒரு காலையில், செங்கமலம் கம்மாபுரத்திலிருந்து பஸ் ஏறித் தனியாக வந்தாள். நேரே புஷ்பவல்லி வீட்டுக்குத்தான் வந்தாள். இடுப்பிலிருந்து ஒரு துண்டை அவிழ்த்து, சமையலறை வாசப்படிக்குள்ளேயே, அரிசி புடைக்கும் முறத்தில் விரித்தாள். புஷ்பவல்லி முறத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். துண்டுக்குள் ஒரு பாம்புச் சட்டை. நான்கரை அடி. தலையில் கண்ணை மூடிய செதில்கூட அப்படியே இருந்தது. ஒரு கிழிசல் இல்லை.

“வைக்கோல் போருல கெடந்துது. தொடப்பத்தத் தொடல” என்றாள் செங்கமலம். “அருணு கத்தரிக்கோலோட வந்தான். கைய ஒடிச்சிடுவேன்னுட்டேன். வால் பக்கம் பாரும்மா.”